நாசகாரிக் கப்பலின் முதல் பத்தி

போர்க்கப்பலில் வழிகாட்டியாக நிற்பவன் பீரங்கியைப் பற்றிப் பேச வருகிறான். சனம் கழிவறை எங்கே என்றுதான் கேட்கிறது. மியூசியங்களில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது விளங்கும். நாளிதழில் முப்பது வருடம் செய்தி எழுதி ஓய்ந்தபின், ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், இரண்டாம் உலகப்போரில் ஓடி, இப்போது மியூசியமாகிவிட்ட நாசகாரி (டிஸ்ட்ரோயர்) கப்பலொன்றில் சனிக்கிழமைகளில் வழிகாட்டியாக நிற்கிறேன். அதன் போர்க்கால வரலாற்றை ஒரு பக்கத் தமிழில் எழுதியதும் நான்தான்.

படுக்கை வசதி

மாலுமிகள் சாப்பாட்டு மேசைக்கு மேலே துணித்தொட்டில் கட்டி நித்திரை கொண்டதை விளக்கினேன். அத்திலாந்திக் குளிர், ஈரச் சட்டை, ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில். உருக்கமாகவே சொன்னேன். ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கமிருந்து வந்த தமிழர் ஒருவர் சுற்றிப் பார்த்தார்.

"வந்த புதுசில நாங்கள் பதினொரு பேர் ஒரு பேஸ்மென்ற்ல கிடந்தனாங்கள், அண்ணை. இது எவ்வளவோ பரவாயில்லை."

ஏறாதவர்

இன்னொரு சனிக்கிழமை, கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலத்தடியில் ஸ்ரெல்லா நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துத் தீவுக்காரி, மீன்பிடிக்கப் போன தமையனை இலங்கைக் கடற்படை சுட்டதைக் கரையில் நின்று பார்த்தவர். அவருடைய மகன் ஜூட் கனடியக் கடற்படையில் சேர்ந்துவிட்டான். திங்கட்கிழமை புறப்பாடு. கேட்ட நாளிலிருந்து தாய் அவனோடு பேச்சில்லை. ஒரு மணித்தியாலம் காரில் பக்கத்தில் இருந்து வந்தும் பேச்சில்லை.

"அம்மா, இது மியூசியம். சுடாது. ரிலாக்ஸ்" என்றான் அவன்.

அவர் மகனைப் பாராமல் என் பக்கம் திரும்பினார். "சுடுற கப்பலை எனக்குக் காட்டவேண்டாம் எண்டு உவருக்குச் சொல்லுங்கோ, அண்ணை. நான் பாத்தனான்."

கடைசி வரி

வேறு வழி தெரியாமல் என் ஒரு பக்க வரலாற்றை நீட்டினேன். முன்பக்கச் செய்திபோல எழுதியது: முதல் பத்தியிலேயே பீரங்கிகள், மூழ்கடித்த கப்பல்கள். அவர் நின்றபடியே கடைசி வரி வரை வாசித்தார். சண்டை முடிந்தபின் கப்பல் திரும்பிப் போய், நீரில் தத்தளித்த எதிரி மாலுமிகளை ஏற்றிக்கொண்டது. இடம் போதாமல் அடியில் ஒட்டவைத்த வரி.

"சுட்ட ஆக்களே திரும்பி வந்து ஏத்தினவையோ?"

"ஓம். கப்பல் பதிவேட்டில இருக்கு."

"உந்த வரியை ஏன் கடைசியில போட்டனீங்கள்?"

அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். பாலத்தில் ஏறினார். பாதி வழியில் நின்று, மகனை நேராகப் பார்த்தார்.

"தம்பி, தண்ணிக்க ஆர் கிடந்தாலும் நீ திரும்பிப் போகவேணும். விளங்கிச்சோ?"

மறு சனிக்கிழமையே தாளை மாற்றி அச்சடித்துவிட்டேன்: தமிழில் எங்கள் நாசகாரி முதலில் ஆட்களை ஏற்றுகிறது, பிறகுதான் சுடுகிறது.