சீனப் பத்திரிகையின் முதற்பக்கம்

அப்பாவுக்கு உதவி செய்யும் குணம் அதிகம். அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில், அடுக்குமாடியில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சீனர் இருந்தார். நகரத்தில் உள்ள சீனர்களுக்காக மாதம் ஒரு பத்திரிகை போடுவார். எழுதுவது, அச்சுக்குக் கொடுப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவரே. சீனச் சாப்பாட்டுக்கடைகளின் விளம்பரத்தில்தான் அது ஓடியது. அந்த வருடம் அவர்களுடைய புதுவருட இதழ் அச்சகத்திலிருந்து பிந்தி வந்தது. மாலைக்குள் கடைகளுக்குப் போகாவிட்டால் இனி விளம்பரம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எப்படி மடிப்பது என்று அப்பா ஒரு சொல் கேட்கவில்லை. கட்டுகளை எங்கள் வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார். இரண்டாக மடித்து, சுற்றிக் காகிதப்பட்டி ஒட்டவேண்டும். சீனர் வாகனம் இரவல் வாங்கப் போனார்.

எங்கள் பத்திரிகை திறக்கும் பக்கமாகவே அப்பா மடித்தார். மேலே வரிசையாகக் கிழவர்களின் படங்கள்.

"இஞ்சேருங்கோ, இதிலை ஒருத்தரும் சிரிக்கேல்லை. அந்த மனிசனைக் கேட்டுட்டு ஒட்டுங்கோ," என்றார் அம்மா.

"சங்கத் தலைவர்மாரா இருக்கும். தலைவர்மார் எங்கை சிரிக்கிறவை?"

"மற்றப் பக்கம் பூவெல்லாம் போட்டிருக்கு."

"அது விளம்பரமப்பா. பேப்பரைப் பற்றி எனக்குச் சொல்லித்தாறீரோ?"

கையெல்லாம் பசையாக நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

சீனர் வந்து மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தார். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய பத்திரிகை வலப்பக்கமிருந்து திறப்பது; எங்களுக்குக் கடைசிப் பக்கம்தான் அவர்களுக்கு முதற்பக்கம். நாங்கள் மேலே வைத்தது மரண அறிவித்தல். புதுவருடத்தன்று கடை மேசையில் அதையா வைப்பது?

"முதலே சொல்லியிருக்கலாமே!" என்று அப்பா அவரிடமே நொர்வேஜிய மொழியில் கோபித்தார்.

பட்டிகளைக் கிழித்தபோது தாள்களும் சேர்ந்து கிழிந்தன. மிஞ்சியதைக் கொண்டுபோனபோது கடைகளில் விருந்து தொடங்கிவிட்டது. ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த மாதம் பத்திரிகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

"சீனருக்கு வாசிக்கிற பழக்கமில்லை," என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா இடியப்பமும் கறியும் கட்டி என்னைக் கீழே அனுப்பினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தொலைக்காட்சியை விட்டுவிட்டு, சுடும் பாத்திரத்தோடு படியிறங்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் அப்பாவிடம்தான் பாத்திரத்தை நீட்டுவார். அப்பா செய்தி பார்ப்பார். பிறகுதான் அம்மா என்னைக் கூப்பிடுவார்.

அம்மா அப்பாவிடம் கேட்டது சாப்பாடு கொண்டுபோக மட்டும்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்; கீழே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கவும்தான் என்பது பிறகுதான் விளங்கியது.