அவர் பெயருக்கு இடம் கிடைத்தது

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கப்போகும் இறந்தோர் பட்டியலை இன்று கோயில் ஆபீசில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயர் அதில் வருவது இதுதான் முதல் வருஷம். ‘ஆரோக்கிய’ ஒரு வரியில் இருந்தது, ‘சாமி’ அடுத்த வரியில்.

“இன்னாம்மா, அவர ரெண்டா ஒடச்சி வச்சிருக்கே?” என்றேன்.

பட்டியல் தயாரிக்கும் ஸ்டெல்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கம்ப்யூட்டர்ல பேரு கட்டத்துக்கு அகலம் கம்மியா குடுத்துட்டேன் ஆன்ட்டி. ஊரு கட்டத்துக்கு ஜாஸ்தியா போய்ட்ச்சி.”

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். அவ்வளவுதான். எல்லாப் பக்கத்திலும் கோடுகள் நகர்ந்து, அத்தனை பேரும் முழுசாக நின்றார்கள்.

ஷூ கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில் பாதி சீட்டில் தொங்கிக்கொண்டே போய்வந்த மனுஷன். இன்றைக்குத்தான் தாராளமாக உட்கார்ந்திருக்கிறார்.

பட்டியலில் உங்கள் வீட்டு ஆட்களுக்கும் இடம் போதுமா என்று கோயில் ஆபீசுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.