சிவப்புப் பெட்டியின் பதினான்காம் புத்தகம்

2001 மார்ச் 6: சிவப்புப் பெட்டி, புத்தகம் 14, குச்செல் வீடு.
2004 மார்ச் 9: அதே புத்தகம், அதே வீடு.
2007 மார்ச் 13: அதே புத்தகம், அதே வீடு.
2010 மார்ச் 2: அதே புத்தகம், அதே வீடு.
மொத்தம்: பிள்ளைகள் நான்கு, புத்தகம் ஒன்று.

வில்கூரா தொடக்கப்பள்ளியின் இரவல் பதிவேட்டில் இவை என் கையெழுத்து. வாசிப்புப் புத்தகங்களை எளிதிலிருந்து கடினம்வரை நிறநிறப் பெட்டிகளில் பிரித்து வீட்டுக்குக் கொடுப்போம். அங்கே நான் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்தேன். இந்த வரிகளைத் தேடி வந்த முதல் ஆள் கிளெனிஸ் போல்டன்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனைப் பிரிவில் பன்னிரண்டாண்டு உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஆசிரியை ஆனவர். எங்கள் பள்ளியில் ஓராண்டு ஒப்பந்தம். ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் அவர் வகுப்பில்.

2010 மார்ச் 4 அன்று, மதிய உணவு மணி அடித்ததும், பாதி தின்ற சாண்ட்விச்சோடு என் அறைக்குள் வந்தார்.

"டெஸ் குச்செல் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிட்டா. ஆனா நடுவுல விட்டுப்போனதையும் சேர்த்தே படிச்சா. எப்படி முடியும்?"

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவளுடைய அக்கா இருவரும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்த புத்தகம் அது. எங்கள் பள்ளியில் இருந்ததே அந்த ஒரு தொகுதிதான். பதினான்கு வீடுகளில் இதே கதை.

"அப்போ இதுங்க கண்ணால படிக்கலை, காதால படிக்குதுங்க" என்று சிரித்தார். உடனே முகம் மாறியது. "மீதி அஞ்சு பேர்? அவங்க எப்படிப் படிக்கிறாங்க?"

மறுநாள் படங்களின் மேல் தாள் ஒட்டி அந்த ஐவரிடம் கொடுத்தார். ஐவராலும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை; அதுவரை படத்தைப் பார்த்தே ஊகித்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் நெவில் அரை மனதோடு சம்மதிக்க, பெட்டிகள் அலமாரிக்குப் போயின. பத்தொன்பது கைக்கண்ணாடிகள் வந்தன. வாரத்துக்கு நான்கு ஒலிகள். அதிகச் சொற்களைக் கட்ட உதவும் ஒலிகள் முதலில். உதடும் நாக்கும் என்ன செய்கின்றன என்று பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பார்கள், பிறகு எழுத்து, பிறகு ஒலிகளைச் சேர்த்துச் சொல். கற்றுத்தராத ஒலி உள்ள சொல் எதையும் படிக்கக் கொடுக்கமாட்டார்.

வில்கூராவில் நெட்பால் மைதானத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் விசாரிப்பதே, பெட்டியின் நிறத்தை வைத்து, "உன் பொண்ணு என்ன நிறம்?" என்பதுதான். நிறம் இல்லாமல் போனதும் பெற்றோர் கொதித்தார்கள். டெஸ்ஸின் அப்பா ரஸ்ஸல் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"மூத்தவ இந்த வயசுல நீலப்பெட்டி! இவ பாம்பு மாதிரி சீறிக்கிட்டுத் திரியறா. இதுக்கா அனுப்பறேன்?"

"சீறட்டும் ரஸ்ஸல்" என்றார் கிளெனிஸ். "இந்த வாரம் 'ஸ்'. அடுத்த வாரம் 'ம்'. வாயை மூடித்தான் சொல்லணும். வீடு அமைதியாயிடும்."

"எங்க வீட்டுலயா? நீங்க ஒருத்தர்!"

ஜூன் 22 அன்று முதல் கடிதம் வந்தது, பெற்றோர் அங்கம் வகிக்கும் பள்ளிக் குழுவிடமிருந்து. செப்டம்பருக்குள் பிள்ளைகள் முன்பின் பார்க்காத ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கிளெனிஸின் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் குழு பரிந்துரைக்காது.

செப்டம்பர் 14 அன்று குழுக் கூட்டம்; பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எதைப் படிக்கக் கொடுப்பது? பள்ளியில் உள்ளதெல்லாம் எல்லா வீட்டுக்கும் போய் வந்தவை. குழு உறுப்பினரான ரஸ்ஸல் எழுந்து தன் வண்டிக்குப் போய், ஆடுகளுக்குப் புகட்டும் குடற்புழு மருந்து டின்னை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"டெஸ், இதைப் படி."

"அப்பா, இது நாத்தமடிக்குது."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படி."

டெஸ் விரல் வைத்து, ஒலி ஒலியாகச் சேர்த்து, தோலில் சொட்டவிடக் கூடாது என்ற வரியை முழுதாகப் படித்தாள். அடுத்த வரியில் ஒரு நீளமான சொல்லில் நின்றாள்.

"இது இன்னும் எங்களுக்குச் சொல்லித் தரலை" என்றாள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

நெவில் தலை குனிந்தார். ரஸ்ஸல் டின்னைத் திருப்பி அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை பார்த்தார்.

"மூத்தவளா இருந்தா நிக்கமாட்டா. எதையாவது சொல்லிட்டுப் போயிருப்பா. அவ தப்பாச் சொன்னது எனக்கும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லி, முதலில் கை தூக்கினார். நீட்டிப்பைப் பரிந்துரைக்க ஆதரவு ஆறு, எதிர்ப்பு மூன்று.

முடிவு கல்வித்துறையின் கையில். அக்டோபர் 19 அன்று அங்கிருந்து வந்த இரண்டாம் கடிதம், பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் சொன்னது. கிளெனிஸ் அறுபத்து மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவதையும், காலையில் நேற்றைய ஒலியிலிருந்து தொடங்குவதையும் ஒரு நாளும் விடவில்லை. மூன்றாண்டு நீட்டிப்பு என்ற கடைசிக் கடிதம் வந்த நாள் 2010 டிசம்பர் 9, வியாழக்கிழமை.