கழுகுமலையில் அக்காவோடு ஒரு மாலை

அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்காவைத் தூத்துக்குடிக்கே அழைத்து வந்துவிடலாம் என்றுதான் போன தை மாதம் கழுகுமலைக்குப் போனேன். துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும் மாடி அறையை அவளுக்காக வெள்ளையடித்து வைத்திருந்தோம்.

பெட்டியைக் கட்டி முடித்ததும் அக்கா கேட்டாள்: "மலைக்குப் போயிட்டு வருவமாலே?"

முப்பது வருஷமாக அவள் வீட்டுக்குப் போய்வந்தும் நான் அந்த மலையில் ஏறியதில்லை. அடிவாரப் பூங்காவில் சற்று உட்கார்ந்துவிட்டு ஏறினோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் விட்ட வெட்டுவான் கோயிலைக் காட்டினாள். பாறை முழுக்க வரிசையாக இருந்த சமணச் சிற்பங்களின் அடியில் எழுத்துகள் தெரிந்தன.

"செதுக்கச் சொன்னவங்க பேராம். ஒங்க அத்தான் வாசிச்சுக் காட்டுவாக."

உச்சிக்குப் பக்கத்தில் காற்று அக்காவின் சேலையை இழுத்தது. கீழே தெப்பக்குளம், ஓட்டு வீடுகள், அதற்கப்பால் கரிசல். அக்கா கிழக்கே பார்த்து நின்றாள்.

"கல்யாணமான புதுசுல ஓயாம அழுவேன். கடலப் பாக்கணும்னு. அவுகதான் இங்கன கூட்டிட்டு வந்து, 'கடல்தான் இல்ல, காத்து உண்டு'ன்னாக. அப்புறம் ஞாயித்துக்கிழமை தோறும் வருவோம்."

எனக்கு எழுதிய கடிதங்களில் 'நலம்' என்றுதான் எழுதியிருந்தாள். ஒரு முறைகூட நான் துருவிக் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதேக்கா."

"சொன்னா ஒடனே கூப்பிட வந்துருவ. அதான் சொல்லல."

பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் வரலலே. அங்கன வந்தா இந்த மலையத் தேடிக்கிட்டு இருப்பேன். ரெண்டாந்தடவ அப்படித் தேட எனக்குத் தெம்பில்ல."

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது வழுக்கலான இடத்தில் அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் கடற்கரையில் பிடித்த அதே இறுக்கம். அவள் வருவாள் என்று இத்தனை வருஷம் காத்திருந்தது நான்தான் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

மறுநாள் காலை தனியாகப் பஸ் ஏறினேன். எட்டயபுரம் தாண்டும்போது போன் அடித்தது.

"சாப்பிட்டியாலே?"

"இல்லக்கா. வீட்டுக்குப் போய்த்தான்."

"சரி, வை" என்றாள். ஆனால் இருவருமே வைக்கவில்லை.