தலைவர் வீட்டுச் சம்பல்

என் வீட்டுக்காரர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஒரு சேவைக் கழகத்தில் இருக்கிறார். கிளப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கண் முகாம், இரத்த தானம், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி என்று அவர்கள் நடத்தாத விழா இல்லை. அந்த விழாக்களில் எல்லாம் என்னவருக்கு ஒரே வேலைதான், மைக். கண்டி டவுனில் வயர், பல்ப், ஃபேன் விற்கிற கடை வைத்திருப்பவரை வேறு எதற்குப் பிடித்துப் போடுவார்கள்? மேடையில் ஏறுவார், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார், இறங்கி வந்து ஓரமாக நின்றுகொள்வார். அந்த ஹலோவுக்கு மேல் அவர் மைக்கில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

போன வருடம் அவரைத் தலைவராக்கினார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் தலைவராகி, மாலை போட்டு, படம் எடுத்து முடித்த பிறகுதான் இவருடைய ஞாபகம் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். கிளப்பில் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இவருக்கு ஆங்கிலம் வராது என்றில்லை. வாசற்படியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். "அந்த மனிசன் மேடையில ஏறி என்னத்தப் பேசப்போறாரு" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்திருக்கிறது. நான் ஒரு முறை முறைத்தேன். அதோடு அவர்கள் தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டார்கள்.

அந்த வருடம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஒரு ஜாஸ் கலைஞர் வருவதாகக் கடிதம் வந்தது. ட்ரம்பெட் ஊதுகிறவர். கொழும்புக்கு வருகிறவரை ஒரு நாள் கண்டிக்கும் கூட்டி வந்து நிகழ்ச்சி நடத்தலாம், டிக்கெட் விற்று வருவதைக் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கண் முகாமுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. விருந்தினரைத் தலைவர் வீட்டில் தங்க வைப்பது கிளப்பின் வழக்கம். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை வந்தது அப்படித்தான்.

என்னவர் பேச்சு எழுதினார். எழுதி, யாரிடமோ கொடுத்துத் திருத்தி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தினமும் காலையில் ஒப்புவித்தார். பல் விளக்கும்போதும் அதுதான், ஷர்ட் பட்டன் போடும்போதும் அதுதான். எனக்கே மனப்பாடமாகிவிட்டது. மேயருக்கு நன்றி, முன்னாள் தலைவர்களுக்கு நன்றி, மண்டபக்காரருக்கு நன்றி, ஹோட்டலில் வாசிக்கிற பேண்ட் பையன்களுக்கு நன்றி, சாமான் ஏற்றி இறக்குகிற வேன் டிரைவருக்குக்கூட நன்றி. நான் அதில் இல்லை. வாய் திறந்து கேட்டால் சேர்த்திருப்பார். கேட்டு வாங்குகிற நன்றி எனக்கு எதற்கு? ஆனால் வேன் டிரைவர் வருகிற இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பேன்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை என்னவர் கலைஞரைக் காரில் கூட்டி வந்தார். உயரமானவர், நரைத்த தாடி, மெல்லிய குரல். என்னை மேடம் மேடம் என்று கூப்பிட்டார். மறுநாள் காலையில் மாடியிலிருந்து வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கருவி பெட்டிக்குள் இருக்க, மனிதர் உதடு இரண்டையும் சேர்த்து வைத்து வெறுமனே ஊதிக்கொண்டிருந்தார். ட்ரம்பெட்டில் சத்தம் உதட்டிலிருந்துதான் பிறக்கிறது, அதைத் தினமும் பழக்காவிட்டால் வராது என்று எனக்குச் சிரித்துக்கொண்டே விளக்கினார். விமானக் குளிரில் கீழ் உதடு வெடித்திருந்தது. சின்ன டியூப் ஒன்றிலிருந்து என்னவோ எடுத்து அடிக்கடி பூசிக்கொண்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மத்தியானம் அப்படி நடந்துவிட்டது.

வெள்ளைக்காரச் சமையல் எனக்குத் தெரியாதென்றாலும், வெளிநாட்டு மனிதருக்கு உறைப்பு ஆகாது என்று தெரியாதவள் இல்லை. மிளகு மட்டும் போட்ட கோழி, பால் விட்ட கிழங்கு, போஞ்சி, பருப்பு என்று பச்சைப்பிள்ளை சாப்பிடுகிற மாதிரிதான் சமைத்தேன். கொச்சிக்காய் மிளகாயை அரைத்த சம்பல் மட்டும் என்னவருக்காக.

அந்தச் சம்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பிறந்த வீடு புசல்லாவை. அந்தக் குளிருக்கு எங்கள் வீட்டில் எல்லாமே உறைப்பு. கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போனபோது இவர் என் அம்மாவின் சம்பலை மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்து வழிந்தது. "மாப்பிள்ளைக்கு உறைப்புன்னா உசுருடி" என்று அம்மா என்னிடம் சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து இன்றுவரை, பின்பக்கம் தொட்டியில் கொச்சிக்காய்ச் செடி வைத்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து அம்மியில் அரைத்து, தேசிக்காய் பிழிந்து வைக்கிறேன். நான்கூட அவ்வளவு உறைப்புச் சாப்பிடமாட்டேன், நுனி விரலால் தொட்டுக்கொள்வதோடு சரி. முழுக்க அவருக்குத்தான். நெற்றி வியர்க்கச் சாப்பிடுவார், துவாயால் துடைத்துக்கொள்வார். பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

அன்றும் சம்பல் கோப்பையை அவர் பக்கமாகத்தான் வைத்தேன். கலைஞர் எல்லாவற்றிலும் எடுத்தார். கடைசியில் கையை நீட்டிச் சம்பலையும் எடுத்தார், அதுவும் சோற்றுக் கரண்டியால், காய்கறிச் சலாது என்று நினைத்தோ என்னவோ. நான் "ஸ்பைஸி, ஸ்பைஸி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வாயில் வைத்தார். பிறகு "வெரி குட்" என்றார். கண் கலங்கியிருந்தது. அடுத்த வாயும் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மனிதர் எங்கள் புசல்லாவைச் சம்பலை இப்படிச் சாப்பிடுகிறாரே என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். அதையும் சாப்பிட்டார். என்னவர் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

மூன்று மணி போல மாடியிலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம். ஓடிப் போனோம். கலைஞர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ட்ரம்பெட் மடியில். உதடு தடித்துச் சிவந்து, வெடிப்பு இருந்த இடம் புண்ணாகத் தெரிந்தது. ஊதுகுழாயை வைத்து அழுத்தினால் உயிர் போகிறது என்றார். அப்போதும் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது அவர்தான்.

என்னவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள். மேடையில் இவர் என்னத்தைச் செய்யப்போகிறார் என்று பார்ப்பதற்கே டிக்கெட் வாங்கியவர்களும் அதில் உண்டு. வாழ்க்கையில் அவருக்கென்று வந்த ஒரே மாலைப் பொழுது. அதை நான் அம்மியில் வைத்து அரைத்துவிட்டேன்.

கிளப் செயலாளர் விருந்தினருக்கென்று மடவளையிலிருந்து சட்டித் தயிரோடு வந்தார். என்னவருக்குப் பழைய கூட்டாளி. கலைஞரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன தங்கச்சி, மனிசன்ட வாய் இப்பிடி வீங்கி ஈக்குது? என்னத்தக் குடுத்தீங்க?" என்றார்.

"சம்பல்."

"அல்லாஹ்வே! உங்கட சம்பலா?" என்றவர், என்னவரைப் பார்த்துக்கொண்டு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

குசினியில் ஒரு கதிரையைப் போட்டு, கலைஞரை உட்கார வைத்து, உதடு முழுக்கத் தயிரை அப்பினேன். அவ்வளவு பெரிய கலைஞர் வெள்ளை மீசையோடு என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆற்றாமையில் கேட்டுவிட்டேன். தயிர் வழியாமல் மெதுவாகப் பதில் சொன்னார். காரில் வரும்போது உங்கள் கணவர் சொன்னார், மேடம். என் மனைவி வைப்பதை வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் மனம் நொந்துபோகும் என்று.

நான் திரும்பி என்னவரைப் பார்த்தேன். அவர் தயிர்ச் சட்டியைப் பார்த்தார்.

"காய்ச்சல்ண்டு சொல்லிருவோம். ப்ளேன்ல வந்த மனிசன்தானே, எல்லாரும் நம்புவாங்க" என்றார் செயலாளர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என்னவர் மட்டும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டாலும் மண்டபம் நிறைந்திருந்தது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேண்ட் பையன்கள் தயாராக நின்றார்கள். கலைஞர் மேடை ஓரத்தில் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவர் மைக்குக்கு வந்தார். பழக்கதோஷத்தில் "ஹலோ, ஹலோ" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

மேயர் வரைக்கும் ஆங்கிலம் ஒழுங்காக வந்தது. முன்னாள் தலைவர்களிடம் வந்தபோது நின்றுவிட்டது. அடுத்த வரி எனக்குத் தெரியும். வாயசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பேப்பரை மடித்துப் பொக்கெட்டில் வைத்துவிட்டு, கடையில் ஆட்களோடு பேசுகிற சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். அந்தச் சிங்களம் யோசித்துக்கொண்டு நிற்காது, தடதடவென்று வரும்.

இன்றைக்கு ட்ரம்பெட் கேட்பது கஷ்டம், இவருடைய உதடு வெந்துபோயிருக்கிறது என்றார். எங்கள் வீட்டுச் சம்பலால்தான். ஆனால் செய்தவள் மேல் பிழையில்லை, சாப்பிடச் சொன்னது நான் என்றார். என் மனைவி வைத்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள் என்று நான்தான் சொல்லிக் கூட்டி வந்தேன். சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

"எனக்கும் உறைப்பு ஆகாது" என்றார். "கல்யாணமான முதல் விருந்தில் மாமியார் மனம் நோகக்கூடாதென்று சாப்பிட்டேன். எனக்கு அது பிடிக்கும் என்று நினைத்து, அன்றிலிருந்து எனக்கென்றே இவள் செய்கிறாள். செடி வளர்த்து, அம்மியில் அரைத்து, பக்கத்தில் நின்று பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாமென்று சொல்வது? இவர் ஒரு நேரம் சாப்பிட்டார், உதடு போயிற்று. நான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இவரால் பேச முடியாது என்று சொன்னவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. ஊருக்கு முன்னால் சொல்கிற சங்கதியா இது? அந்தச் செயலாளருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அவர் துடைத்துத் துடைத்துக்கொண்ட அந்த வியர்வை எல்லாம் ருசியில் வந்ததே இல்லையா? கோபம் கோபமாக வந்தது. அதே நேரம் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆசையும் வந்தது. கல்யாணமான புதிதில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தேன்.

பேண்ட் பையன் ஒருவன் காதில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டிருந்த கலைஞர் எழுந்து வந்து என்னவரைக் கட்டிக்கொண்டார். பிறகு பையன்களுக்கு விரலைச் சொடுக்கித் தாளம் காட்டி, மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். ஜாஸ் எனக்கு விளங்காது. எங்கே தொடங்குகிறார்கள், எங்கே முடிக்கிறார்கள் என்று பிடிபடவேயில்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. டிக்கெட் பணத்தை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கடைசியில் ட்ரம்பெட்டை எடுத்தார். ஊதவேண்டாமென்று நான் கை அசைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வாயில் மெல்லத்தான் வைத்து, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி தாழ்வாக ஒரு சின்ன மெட்டை வாசித்தார். இடையில் இரண்டு தடவை காற்று மட்டும் வந்தது. என்னவர் தன் பழைய இடத்தில், மேடை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேச்சுக் கொடுக்கத் துணியவில்லை.

மறுநாள் காலையில் கலைஞரைத் தயிரும் வாழைப்பழமும் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பி வைத்தோம். பிறகு நான் ரொட்டி சுட்டேன். சம்பலும் அரைத்தேன். கொச்சிக்காயை எடுத்து, யோசித்து, திரும்ப வைத்துவிட்டு, கொஞ்சம் மிளகாய்த்தூளை மட்டும் தூவினேன். நிறம் வெளிறிப்போய் என் கண்ணுக்கே பாவமாக இருந்தது.

அவர் ஒரு துண்டு ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றார்.

இந்த மனிதருடைய 'நல்லாருக்கு' என்பதை இனி யார் நம்புவது? நான் அவர் நெற்றியைத்தான் பார்த்தேன். ஒரு பொட்டு வியர்வை இல்லை. துவாய் தோளில் சும்மா கிடந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு இரண்டாம் தடவை வைத்திருப்பேன். கரண்டி வரைக்கும் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வைக்கக்கூடாது, கேட்கவும் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரொட்டி முடிந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் செய்யாத காரியமாக, பீங்கான் தட்டைத் தானே என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றார்.