நான்காம் வயல்

வாசகர் அட்டையைக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து, செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த ஒரு திராட்சை இலையை எடுத்து மேசைமேல் வைத்தார். இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் எத்தனையோ விதமான அட்டைகளைப் பார்த்தவள் நான். இப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பொட்டிப்புரம் பக்கம் தோட்டம் என்றார். தேனிக்கு வந்து, ஆண்டிபட்டி வழியாக வரும் பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தார்.

"எங்க தோட்டத்து மண்ண ஒரு பிள்ள பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போச்சும்மா. பத்துப் பன்னெண்டு வருசமாச்சு. அது எழுதுன பொஸ்தகம் இங்கனதான் இருக்கும்னு சொன்னாக."

இருக்கும்தான். பட்டம் வாங்கிய ஒவ்வொருவரின் ஆய்வேட்டிலும் ஒரு பிரதி எங்களிடம் வந்துவிடும். ஆனால் அது வெளியே போகாது, நகல் எடுக்கவும் முடியாது, வெளியாட்கள் பார்க்க வேண்டுமானால் துறைத் தலைவரின் கடிதம் வேண்டும். சட்டம் பேசுவதில் நான் கெட்டிக்காரி. கடிதம் எங்கே என்று கேட்டேன்.

"மண்ணு எடுக்க வந்தப்ப நாங்க கடுதாசி கேக்கலையேம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு மேலே போய் நூலகரிடம் பேசி, அனுமதியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவருடைய சங்கடம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நட்ட பன்னீர்த் திராட்சை. முதலில் நன்றாகத்தான் காய்த்தது. இப்போது கிழக்குப் பாதியில் கொடியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இது நோய், மேற்கேயும் பரவும் என்று மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஆள் வைத்து மொத்தப் பந்தலையும் பிடுங்கிவிடலாம் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். பிடுங்குவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை தன் மண்ணைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

ஆய்வேடு கிடைத்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. போதாததற்கு, அந்தப் பிள்ளை மண் எடுத்த ஒன்பது வயல்களுக்கும் எண்தான், பெயர் இல்லை. "நம்பரெல்லாம் யாருக்கும்மா தெரியும்?" என்று சிரித்தார். வாசிப்பு அறையில் பேசக்கூடாது என்பதால் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பைண்டிங் அறைக்கு அழைத்துப்போனேன். பசை வாடைக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு வயலாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அதை எழுதிய பெண் மகா வாயாடியாக இருந்திருக்க வேண்டும். பின்னிணைப்பில் எதையும் விடவில்லை; எந்த வயலில் நாய் துரத்தியது, எங்கே மோர் கொடுத்தார்கள் என்பது வரை எழுதி வைத்திருந்தாள். தேர்வாளர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்கவே மாட்டார்கள்.

நான்காம் வயலுக்கு வந்தேன். "கிழக்குப் பக்கம் மூன்றடியில் கடப்பாரை வளைந்துவிட்டது. அதற்குக் கீழே தோண்ட முடியவில்லை."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அது எங்க கடப்பாரம்மா! இப்பவும் கோணலாத்தான் கெடக்கு. ஏதோ ஒத்தக் கல்லுல பட்டுருச்சுன்னுல்ல நெனச்சோம்!"

ஒற்றைக் கல் இல்லை. அடுத்த பக்கத்து அட்டவணையில் கிழக்கே தோண்டிய எல்லாக் குழியிலும் அதே மூன்றடியில் சுண்ணாம்புப் பாறை. மேற்கே ஆறடி வரைக்கும் நல்ல செம்மண். எனக்குத் தெரிந்த மண்ணியல் பேராசிரியர் ஒருவருக்குப் போன் செய்து, இலையைப் படம் பிடித்தும் அனுப்பினேன். வேர் சுண்ணாம்பில் முட்டி நிற்கிறது, இது பரவுகிற நோய் இல்லை, மேற்குப் பாதியைத் தொட வேண்டாம் என்றார் அவர். தோட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். நகல் எடுக்கத்தான் தடை, கையால் எழுதத் தடை இல்லையே! ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருட வேலையில் நான் இவ்வளவு சந்தோஷமாக எழுதிய பக்கம் வேறொன்று இல்லை.

கிழக்குப் பாதியை மட்டும் பிடுங்கிவிட்டு அங்கே சோளம் போட்டதாகச் சில வாரம் கழித்துப் போனில் சொன்னார். அவர் சம்மதத்தோடு, நூலகக் கணினியில் அந்த ஆய்வேட்டின் குறிப்பில் ஒன்பது வயல்களையும் வரிசையாகப் போட்டு, நான்காம் வயலுக்கு நேராக அவர் பெயரையும் ஊரையும் சேர்த்தேன். இன்றைக்கும் தேடினால் வரும். மற்ற எட்டு இடங்களும் காலியாக இருந்தன.

போன மாதம் அவர் மறுபடியும் வந்தார். மேற்குப் பந்தலில் இந்தத் தடவை நல்ல காய்ப்பாம். காலையில் பஸ் ஏற்றிவிட்டதே மகன்தானாம். பக்கத்தில், தயங்கித் தயங்கி இன்னொருவர் நின்றிருந்தார்.

"இவுக தோட்டத்துலயும் அந்தப் பிள்ள மண்ணு எடுத்துச்சாம்மா. அப்ப இவுக கெணத்துல ஆம கெடந்துச்சாம். பொஸ்தகத்துல ஆம இருக்கான்னு பாருங்க."

உட்காரச் சொல்லிவிட்டு ஆய்வேட்டை எடுத்து வந்து புரட்டினேன். ஏழாம் வயலில் இருந்தது ஆமை.