மிட்டாய் என் பையில் இருந்தது

செஞ்சிக் கோட்டைக் குளக்கரையில் நானும் மனைவியும் காலையில் நடப்போம். சர்க்கரை நோயாளியான அவளுக்குச் சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வந்தால் கொடுக்க வேண்டிய மிட்டாய் என் சட்டைப்பையில் இருக்கும். அவள் நின்று பறவைகளைப் பார்ப்பாள். நான் காதில் இயர்போன் மாட்டிச் செய்தி கேட்டபடி முன்னால் போய்விடுவேன்.

சென்ற மாதம் ஆடு மேய்க்கும் பெண் ஒருவர் ஓடிவந்து என் தோளை உலுக்கினார். "இன்னா சார், அந்தம்மா எம்மா நேரமா கூப்புடுது! காதுல இன்னாத்த வச்சிகினு போற?"

திரும்பி ஓடினேன். மனைவி பாறையில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். மிட்டாயைச் சுவைத்துச் சற்றுத் தெளிந்ததும், "நாட்டு நடப்பெல்லாம் கேட்டாச்சா?" என்றாள். தவறு என்னுடையதுதான்.

இப்போது மிட்டாய் அவளிடமும் இருக்கிறது. காதில் எதுவும் மாட்டாமல் அவளோடு நிற்கிறேன். மனம் லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது. நீரில் மூழ்கிய முக்குளிப்பான் பறவை எங்கே எழும் என்று பந்தயம் கட்டுகிறோம். பெரும்பாலும் அவளே ஜெயிக்கிறாள்.